ஆய்வகத்தில் ஓடிய பேட்டரி சாலைக்கு ஏன் வரவில்லை? மின்கார் ஸ்டார்ட்அப்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது பேட்டரி பற்றி ஏதாவது செய்தி வந்துவிட்டால் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. சில பதில்கள் நீளமானவை. சில கேள்விகளுக்கு நாலு வரியே போதும்.

"ஐந்து நிமிட சார்ஜ், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டம்" என்று செய்தி வருகிறது. இரண்டு வருடம் கழித்துத் தேடினால் ஆளையே காணோம். அந்த பேட்டரி எங்கேதான் போகிறது?

பெரும்பாலும் எங்கும் போவதில்லை. பிறந்த ஆய்வகத்திலேயே இருக்கிறது. செய்தியில் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு செல் (பேட்டரியின் அடிப்படை அலகு) அந்த வேகத்தில் நிஜமாகவே சார்ஜ் ஆகியிருக்கும்.

சிக்கல் என்னவென்றால், கார் பேட்டரியிடம் நாம் ஒரே ஒரு வேலையைக் கேட்பதில்லை. எடை குறைவாக இருக்க வேண்டும், இடம் அடைக்கக் கூடாது, சீக்கிரம் சார்ஜ் ஆக வேண்டும், ஆயிரம் தடவை சார்ஜ் செய்தாலும் தளரக் கூடாது, கடுங்குளிரிலும் சுடுவெயிலிலும் ஓட வேண்டும், மோதினால் பற்றி எரியக் கூடாது, இத்தனைக்கும் மேலாக விலை கட்டுப்படியாக வேண்டும். இதில் ஒன்றை இழுத்தால் இன்னொன்று நழுவும். மின்முனையைத் தடிமனாக்கினால் அதிக மின்சாரம் சேமிக்கலாம், ஆனால் வேகமாக சார்ஜ் செய்ய முடியாது. நிக்கலைக் கூட்டினால் ஓட்ட தூரம் கூடும், சூடு தாங்கும் தன்மை குறையும். செய்தித் தலைப்பில் இடம்பிடிப்பது இந்தப் பட்டியலில் ஏதோ ஒரே ஒரு எண். மற்ற எண்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

"ஆய்வகத்தில் வேலை செய்தது" என்றால் சரியாக என்ன அர்த்தம்?

ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிடும் அளவுக்கு மோசமில்லை. ஆனால் அந்தச் சோதனை நடக்கும் சூழலைத் தெரிந்துகொள்ள வேண்டும். செல் சிறியது. மின்முனை மெல்லியது. எலக்ட்ரோலைட் (அயனிகள் நகரும் திரவம்) தேவைக்கு மேல் பல மடங்கு ஊற்றப்பட்டிருக்கும். லித்தியமும் உபரியாக இருக்கும், வீணானதை அந்த உபரி ஈடுகட்டிவிடும். வெப்பநிலை மாறாத அறை, சில நேரம் செல்லை மேலிருந்து இறுக்கி அழுத்தும் கருவி வேறு.

அடுத்தது எடைக் கணக்கு. "கிலோவுக்கு இத்தனை வாட்-மணி" என்று சொல்லும்போது எதன் கிலோ என்று பார்க்க வேண்டும். பல ஆய்வுகளில் மின்சாரத்தைச் சேமிக்கும் அந்தத் தூளின் எடையை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். தாமிரத் தகடு, அலுமினியத் தகடு, இரண்டு மின்முனைகளையும் பிரிக்கும் செபரேட்டர், திரவம், உறை எதுவும் சேராது. செல்லாகச் செய்து முடித்த பிறகும் கதை முடியவில்லை. கிலோவுக்கு 260 வாட்-மணி தரும் செல்களை அடுக்கி, குளிரூட்டும் குழாய், வயரிங், இரும்புப் பெட்டி எல்லாம் சேர்த்து ஒரு பேக்காகக் கட்டினால் 170 பக்கம் இறங்குவது சகஜம்.

எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு சார்ஜிலும் 99.9 சதவீத லித்தியம் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க அருமையாக இருக்கிறது, இல்லையா? உபரி லித்தியம் இல்லாத செல்லில் ஆயிரம் சுற்றுக்குப் பிறகு மிஞ்சுவது 37 சதவீதம்தான். 99.99 சதவீதம் என்றால் 90 சதவீதம் மிஞ்சும். புள்ளிக்குப் பின்னால் இன்னொரு ஒன்பதைச் சேர்ப்பதிலேயே பல ஆராய்ச்சிக் குழுக்களின் பத்து வருடம் கரைந்திருக்கிறது.

கம்ப்யூட்டர் சிப் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக வளர்ந்ததே. பேட்டரி மட்டும் ஏன் ஆமை?

சிப்பில் ஒரு தகவலைக் குறிக்க எத்தனை எலக்ட்ரான் என்பது முக்கியமில்லை, குறைத்துக்கொண்டே போகலாம். பேட்டரியில் எலக்ட்ரான்தான் சரக்கு. ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் ஒரு அயனி உடன் நகர வேண்டும், அந்த அயனி உட்கார ஒரு இடம் வேண்டும். அந்த இடத்துக்கு எடை உண்டு. உலோகங்களிலேயே லேசானது லித்தியம். அதைவிட லேசான உலோகம் தனிம அட்டவணையில் இல்லை.

1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் லித்தியம் அயன் செல் கிலோவுக்குச் சுமார் 80 வாட்-மணி. இப்போது நல்ல கார் செல் 250-300. முப்பது வருடத்தில் மூன்றரை மடங்கு என்பது வேதியியல் கணக்கில் கெட்ட வேகம் இல்லை. சிப்போடு ஒப்பிட்டதால்தான் ஆமையாகத் தெரிகிறது.

சாலிட் ஸ்டேட் பேட்டரி (உள்ளே திரவத்துக்குப் பதில் கெட்டிப் பொருள் இருப்பது) வந்தால் எல்லாம் மாறிவிடும் என்கிறார்களே?

வந்தால் நிறைய மாறும். அந்த "வந்தால்" பழைய கதை.

எல்லோரும் உண்மையில் ஆசைப்படுவது லித்தியம் உலோகத்தை ஆனோடாக (சார்ஜ் ஆகும்போது லித்தியம் வந்து சேரும் மின்முனை) பயன்படுத்துவதற்கு. இன்றைய பேட்டரியில் அந்த இடத்தில் கிராஃபைட் இருக்கிறது. அது லித்தியம் தங்கும் சத்திரம் மாதிரி, சத்திரத்தின் எடையையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது. லித்தியம் உலோகத்தையே வைத்தால் அந்தச் சுமை போய்விடும். 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் என்ற விஞ்ஞானி செய்த ஆரம்பகால பேட்டரியே லித்தியம் உலோகத்தில்தான். 1980களின் கடைசியில் கனடாவின் மோலி எனர்ஜி அப்படிப்பட்ட செல்களை நிஜமாகவே சந்தைக்குக் கொண்டுவந்தது. சார்ஜ் செய்யும்போது லித்தியம் சமமாகப் படியாமல் ஊசி ஊசியாக வளர்ந்து செபரேட்டரைக் குத்திவிடும். இதை டென்ட்ரைட் என்பார்கள். 1989இல் தீப்பிடித்த சம்பவத்துக்குப் பிறகு செல்கள் திரும்பப் பெறப்பட்டன, நிறுவனமும் நொடித்தது. இரண்டு வருடத்தில் சோனி உலோகத்துக்குப் பதில் கார்பனை வைத்துச் சந்தையைப் பிடித்தது.

ஆக, திரவத்துக்குப் பதிலாகக் கெட்டியான ஒரு பொருளை நடுவில் வைத்து அந்த ஊசியைத் தடுக்கலாம் என்பதே சாலிட் ஸ்டேட்டின் நம்பிக்கை. ஆனால் பீங்கான் போன்ற பொருளிலும் மயிரிழை விரிசல் கிடைத்தால் லித்தியம் நுழைந்துவிடுகிறது. சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் செல் உப்பிச் சுருங்குவதால் கெட்டிப் பொருளும் மின்முனையும் ஒட்டாமல் விலகுகின்றன. திரவம் என்றால் இடைவெளியை அதுவே நிரப்பியிருக்கும்.

தேதிகளைப் பாருங்கள். டொயோட்டா 2020களின் தொடக்கத்திலேயே சாலிட் ஸ்டேட் கார் என்றது, பிறகு 2027-28 என்றது. கார் வடிவமைப்பாளரும் ஸ்டார்ட்அப் நிறுவனருமான ஹென்ரிக் ஃபிஸ்கர் 2017இல் ஒரு நிமிட சார்ஜில் 500 மைல் என்று அறிவித்தார், 2021இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டதாக அவரே சொன்னார். சாலிட் ஸ்டேட் ஸ்டார்ட்அப்பான குவாண்டம்ஸ்கேப் 2010இல் தொடங்கியது. 2020 டிசம்பரில், விற்க ஒரு பொருள் கூட இல்லாத நிலையில், அதன் பங்குச் சந்தை மதிப்பு ஃபோர்டைத் தாண்டியது. நியாயமாகச் சொன்னால் குவாண்டம்ஸ்கேப் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது, மாதிரி செல்களையும் அனுப்புகிறது. அந்தப் பங்கு விலைதான் பத்து வருடம் முந்திக்கொண்டு ஓடிவிட்டது.

ஐந்து நிமிட சார்ஜாவது சாத்தியமா?

கணக்குப் போடுவோம். 75 கிலோவாட்-மணி பேட்டரியை ஐந்து நிமிடத்தில் நிரப்ப 900 கிலோவாட் வேண்டும். அதில் ஐந்து சதவீதம் வெப்பமாகப் போனாலும் 45 கிலோவாட் சூட்டை காரின் அடிவயிற்றிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். கேபிள், சார்ஜர், அதற்குப் பின்னால் இருக்கும் மின் இணைப்பு எல்லாமே அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். பேட்டரியை மட்டும் கண்டுபிடித்தவர் கையில் இதில் பாதிகூட இல்லை.

ஆனால் இது மற்ற வாக்குறுதிகளைவிட நிஜத்துக்கு அருகில் வந்துவிட்டது. 2025 மார்ச்சில் சீனாவின் பிஒய்டி 1,000 கிலோவாட் சார்ஜிங்கை அறிவித்தது: ஐந்து நிமிடத்தில் 400 கிலோமீட்டருக்கான மின்சாரம். கவனியுங்கள், இதைச் செய்தது செல், கார், சார்ஜர் மூன்றையும் தானே தயாரிக்கும் நிறுவனம்.

நல்ல செல் கையில் இருக்கிறது, பணமும் இருக்கிறது. தொழிற்சாலை கட்டி உற்பத்தியைத் தொடங்க வேண்டியதுதானே?

ஸ்வீடனின் நார்த்வோல்ட் சரியாக அதைத்தான் செய்தது. டெஸ்லாவில் இருந்த பீட்டர் கார்ல்சன் தொடங்கியது. கடனும் முதலீடுமாக 1,500 கோடி டாலர் அளவுக்குத் திரட்டினார்கள். ஃபோக்ஸ்வாகன், பிஎம்டபிள்யூ போன்ற வாடிக்கையாளர்கள் முன்கூட்டியே கையெழுத்திட்டார்கள். புது வேதியியல் எதுவும் இல்லை, ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட லித்தியம் அயன்தான். ஷெலஃப்டியோ ஆலை திட்டமிட்ட அளவின் பக்கத்தில்கூட வரவில்லை. 2024இல் பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டரை ரத்து செய்தது. 2025 மார்ச்சில் ஸ்வீடனில் திவால்.

எதனால்? செல் தயாரிப்பு என்பது மாவு பிசைவது, பூசுவது, காயவைப்பது, அழுத்துவது, வெட்டுவது, சுற்றுவது, ஊற்றுவது, மூடுவது, பிறகு பல நாள் மெதுவாக சார்ஜ் செய்து பழக்குவது. ஒவ்வொரு படியும் எளிதாகத்தான் தெரியும். ஆனால் பல கிலோமீட்டர் நீளத் தகட்டில் பூச்சின் தடிமன் ஓரிரு மைக்ரான் மாறினாலும் செல்லின் குணம் மாறிவிடும். அறையின் ஈரப்பதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும், மனிதர்கள் விடும் மூச்சே அங்கே பிரச்சினை. எங்காவது ஒரு உலோகத் துகள் விழுந்தால், தலைமுடியைவிட மெல்லிய செபரேட்டரைத் துளைத்துவிடும். ஆலை ஓடுகிறது என்பது வேறு, ஆலையிலிருந்து வெளிவரும் செல்களில் எத்தனை விற்கத் தகுந்தவை என்பது வேறு. தொழிலில் இதை யீல்ட் என்பார்கள். யீல்ட் ஏறாத ஒவ்வொரு மாதமும் விலை உயர்ந்த நிக்கலும் லித்தியமும் குப்பைக்குப் போகின்றன. மின்கட்டணமும் சம்பளமும் மட்டும் முழுதாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பேட்டரித் தொழிலில் இந்தப் பழமொழி செல்லாது. ஒரு காரில் 4,416 செல்கள் என்று வையுங்கள் (டெஸ்லா மாடல் 3 வகைகளில் ஒன்றில் அத்தனை இருந்தன). பத்து லட்சத்தில் ஒரு செல் மோசமானது என்றால் ஏறக்குறைய 225 கார்களுக்கு ஒன்றில் அது உட்கார்ந்திருக்கும். ஒரு லட்சம் கார் விற்றால் 440 வீடுகளின் வாசலில். முதல் சோறு, நூறாவது சோறு, பத்தாயிரமாவது சோறு எல்லாம் நன்றாக இருந்தும் பானை கெட்டுப்போகலாம்.

அனுபவசாலிகளுக்கே இது நடந்திருக்கிறது. ஷெவர்லே போல்ட் கார்களில் தீப்பிடித்தபோது தேடிப் பார்த்ததில், கிழிந்த ஆனோடு டேப் (ஆனோடிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்கும் இணைப்புத் தகடு), மடிந்த செபரேட்டர் என்ற இரண்டு அரிதான குறைகள் ஒரே செல்லில் சேர்ந்து வந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. செல் தயாரித்தது எல்ஜி, உலகின் மிகப் பழுத்த பேட்டரி நிறுவனங்களில் ஒன்று. சுமார் 1,42,000 கார்கள் திரும்பப் பெறப்பட்டன. ஜெனரல் மோட்டார்ஸுக்கு எல்ஜி 190 கோடி டாலர் வரை ஈடுகட்ட ஒப்புக்கொண்டது. எல்ஜி தாங்கியது. ஸ்டார்ட்அப் தாங்குமா?

ஏ123 சிஸ்டம்ஸ் என்ற பேட்டரி ஸ்டார்ட்அப் தாங்கவில்லை. எம்ஐடியில் பிறந்த, நல்ல தொழில்நுட்பம் கொண்ட நிறுவனம். 2012இல் ஃபிஸ்கர் கர்மா காருக்குப் போன பேட்டரிகளில் குறை வந்தது. மாற்றிக்கொடுக்க சுமார் 5.5 கோடி டாலர் ஆகும் என்ற நிலை. அதே ஆண்டு அக்டோபரில் திவால். சீனாவின் வான்சியாங் வாங்கிக்கொண்டது.

சரி, பேட்டரியை வெளியே வாங்கிக்கொள்ளலாம். கார் மட்டும் செய்யும் ஸ்டார்ட்அப்கள் ஏன் விழுகின்றன? மின்காரில் பாகங்கள் குறைவு என்பார்களே.

எஞ்சினில் பாகங்கள் குறைவு. கார் என்பது எஞ்சின் மட்டும் இல்லையே. கதவு, கண்ணாடி, இருக்கை, ஏர்பேக், பிரேக், வைப்பர், கீல், ரப்பர் பட்டை எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. விபத்துச் சோதனையும் உண்டு.

மேடையில் துணியை விலக்கிக் காட்டும் முதல் காரை முப்பது பேர் கையால் செய்துவிடலாம். ஐயாயிரமாவது காரை அப்படிச் செய்ய முடியாது. அதற்கு டைகள், அச்சுகள், ரோபோக்கள், பெயின்ட் ஷாப் எல்லாம் வேண்டும், எல்லாவற்றுக்கும் முதல் கார் விற்பதற்கு முன்பே பணம் கட்ட வேண்டும். உதிரிபாகம் கொடுப்பவரும் புது நிறுவனத்தை நம்பிக் கடன் தரமாட்டார், முன்பணம் கேட்பார். அளவு குறைவு என்பதால் விலையும் கூட. அமெரிக்காவின் ரிவியன் 2009இல் தொடங்கி 2021இல்தான் முதல் வண்டியைக் கொடுத்தது. 2023இன் நடுவில்கூட விற்ற ஒவ்வொரு வண்டிக்கும் 30,000 டாலருக்கு மேல் நட்டம். பங்கு வெளியீட்டில் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் திரட்டியிருந்ததால் பிழைத்தது.

சிலர் ஆலையை மலிவாக வாங்கினார்கள். லார்ட்ஸ்டவுன் மோட்டார்ஸ் ஓஹையோவில் ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய ஆலையை 2 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு லட்சம் முன்பதிவு என்று பேசப்பட்டது. அந்த முன்பதிவுகள் யாரையும் கட்டுப்படுத்தாதவை. 2023 ஜூனில் திவால்.

சிலர் ஆலையே வேண்டாம் என்றார்கள். ஃபிஸ்கரின் ஓஷன் காரை ஆஸ்திரியாவில் மேக்னா என்ற ஒப்பந்தத் தயாரிப்பாளர் செய்துகொடுத்தது, திறமையான கைகள்தான். 2023இல் சுமார் 10,000 கார் தயாரானது, வாடிக்கையாளர் கைக்குப் போனது அதில் பாதிக்கும் குறைவு. விநியோகம், மென்பொருள், பழுதுபார்ப்பு இவற்றை மேக்னாவால் செய்துகொடுக்க முடியாதே. 2024 ஜூனில் திவால். ஹென்ரிக் ஃபிஸ்கருக்கு இது இரண்டாவது முறை. முதல் நிறுவனமான ஃபிஸ்கர் ஆட்டோமோட்டிவ் 2013இல் விழுந்தது. அதற்குப் பல காரணங்கள், அதில் ஒன்று சாண்டி புயல்: துறைமுகத்தில் நின்ற முந்நூற்றுக்கும் மேற்பட்ட கார்கள் வெள்ளத்தில் நாசமாயின. பெரிய நிறுவனத்துக்கு அது ஒரு வாரச் செய்தி.

இன்னும் சிலர் பெரிய ஆலை முறையே தவறு, ஊருக்கு ஊர் குட்டி ஆலை போதும் என்றார்கள். பிரிட்டனின் அரைவல் அப்படிச் சொல்லி 1,300 கோடி டாலர் மதிப்புக்கு உயர்ந்தது. 2024இல் முடிந்தது. அதன் இயந்திரங்களை வாங்கியது கனூ என்ற இன்னொரு ஸ்டார்ட்அப். 2025 ஜனவரியில் கனூவும் திவால். அந்த இயந்திரங்களுக்கு நாக்கு இருந்தால் நல்ல கதை சொல்லும்.

இத்தனை பலவீனமான நிறுவனங்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

2020-21இல் ஸ்பாக் என்ற வழி பிரபலமாக இருந்தது. முதலில் ஒரு வெற்று நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலாகும், பிறகு அது ஒரு ஸ்டார்ட்அப்பைத் தன்னோடு இணைத்துக்கொள்ளும். வழக்கமான பங்கு வெளியீட்டில் எதிர்கால விற்பனைக் கணிப்புகளை வெளியிட வக்கீல்கள் விடமாட்டார்கள். ஸ்பாக்கில் அப்போது ஐந்து வருடக் கணிப்பை வண்ண வண்ணப் படங்களாகப் போட முடிந்தது. நிக்கோலா, ஃபிஸ்கர், லார்ட்ஸ்டவுன், கனூ, அரைவல், ஃபாரடே ஃபியூச்சர், குவாண்டம்ஸ்கேப் எல்லாம் இந்த வாசல் வழியாக வந்தவை. லூசிடும்தான். அது இன்னும் நிற்கிறது, ஆனால் பின்னால் சவுதி அரசின் முதலீட்டு நிதி இருக்கிறது.

வட்டி கிட்டத்தட்ட பூஜ்யமாக இருந்த காலம் அது. 2022இல் வட்டி ஏறியதும் அடுத்த தவணைப் பணம் நின்றது. கார் ஸ்டார்ட்அப்புக்கு அடுத்த தவணைதான் மூச்சு.

இதெல்லாம் மோசடி என்று சொல்லிவிடலாமா?

சில, ஆம். லாரி ஸ்டார்ட்அப்பான நிக்கோலா 2018இல் வெளியிட்ட வீடியோவில் லாரி நெடுஞ்சாலையில் பாய்ந்து வரும். உண்மையில் அதை ஒரு சரிவில் மேலே நிறுத்தி உருளவிட்டிருந்தார்கள். நிறுவனர் ட்ரெவர் மில்டன் 2022இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, நான்காண்டு தண்டனை பெற்று, 2025 மார்ச்சில் அதிபரின் மன்னிப்பில் தப்பினார். நிறுவனம் அதற்கு ஒரு மாதம் முன்புதான் திவாலாகியிருந்தது.

பெரும்பான்மை அப்படி இல்லை என்பதே என் கணிப்பு. நம்பிக்கை மெல்ல மெல்ல வழுக்கும். "ஒரு செல்லில் பார்த்தோம்" என்பது முதலீட்டாளர் முன்னால் "எங்களிடம் இருக்கிறது" ஆகும், பத்திரிகையில் "வந்துவிட்டது" ஆகும். என்வியா சிஸ்டம்ஸ் என்ற பேட்டரி ஸ்டார்ட்அப் 2012இல் கிலோவுக்கு 400 வாட்-மணி செல் என்று அறிவித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தன் காரில் வைக்க ஒப்பந்தம் போட்டது. அந்த எண்ணை ஜெனரல் மோட்டார்ஸால் திரும்பக் காண முடியவில்லை, ஒப்பந்தம் முறிந்தது.

பணமும் திறமையும் இருக்கும் பெரிய நிறுவனங்கள்?

வாக்குவம் கிளீனர் செய்யும் டைசன் 50 கோடி பவுண்டு செலவழித்து, ஓட்டிக் காட்டக்கூடிய ஒரு காரையும் செய்துவிட்டு, லாபத்துக்கு விற்க வழியில்லை என்று 2019 அக்டோபரில் நிறுத்தியது. முன்னதாக 2015இல் சாக்டி3 என்ற சாலிட் ஸ்டேட் ஸ்டார்ட்அப்பை 9 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது, அந்த பேட்டரியும் வெளிவரவில்லை. ஆப்பிள் பத்து வருடம் முயன்று 2024 பிப்ரவரியில் கைவிட்டது. கார் வெளியிடாமலே நிறுத்தும் அளவுக்குக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் என்றும் சொல்லலாம்.

அப்படியானால் டெஸ்லா மட்டும் எப்படித் தப்பியது?

நூலிழையில். 2008 இறுதியில் சம்பளத்துக்கே பணமில்லாத நிலை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்தான் முதலீடு முடிவானது. 2009இல் டைம்லர் 5 கோடி டாலர் போட்டது. பிறகு அமெரிக்க எரிசக்தித் துறையின் 46.5 கோடி டாலர் கடன். கார் சந்தை படுத்திருந்த நேரமாகப் பார்த்து, டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நடத்திய ஃப்ரீமான்ட் ஆலை 4.2 கோடி டாலருக்குக் கிடைத்தது.

அதிர்ஷ்டத்தைத் தாண்டி ஒரு விஷயம் உண்டு. டெஸ்லா புது பேட்டரிக்காகக் காத்திருக்கவில்லை. முதல் ரோட்ஸ்டரில் லேப்டாப்பில் இருப்பது போன்ற சாதாரண செல்கள் 6,831 அடுக்கப்பட்டிருந்தன. மற்றவர்கள் வரப்போகும் பேட்டரியை நம்பித் திட்டம் போட்டபோது, இவர்கள் கடையில் கிடைத்ததை வைத்து அடுக்குவதிலும் குளிரவைப்பதிலும் மூளையைச் செலவிட்டார்கள்.

அதே டெஸ்லா பின்னாளில் புது செல் அறிவித்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2020 செப்டம்பரில் 4680 என்ற பெரிய உருளை செல், ஈரமில்லாத பூச்சு முறை, கிலோவாட்-மணிக்கு 56 சதவீதம் செலவுக் குறைவு, மூன்று வருடத்தில் 25,000 டாலர் கார் என்று சொன்னார்கள். செல் வந்தது. உலர் பூச்சை, அதிலும் ஆனோடுக்கு மறுபக்க மின்முனையான கேத்தோடில், உற்பத்திக்குக் கொண்டுவர வருடக்கணக்கில் ஆனது. 25,000 டாலர் கார் சொன்ன காலத்தில் வரவில்லை.

பேட்டரியை மாற்றிக்கொடுக்கும் முறை நல்ல யோசனைதானே? அதை முயன்ற பெட்டர் பிளேஸ் நிறுவனம் ஏன் தோற்றது?

யோசனை நல்லது, வரிசைதான் தவறு. மாற்று நிலையங்களைக் கட்டக் கார்கள் ஓட வேண்டும், கார் விற்க நிலையங்கள் இருக்க வேண்டும். நிறுவனர் ஷாய் அகாசி 85 கோடி டாலர் திரட்டி நிலையங்களை முதலில் கட்டினார். அந்த நிலையங்களில் மாற்றக்கூடிய பேட்டரி கொண்டது ரெனோ ஃப்ளூயன்ஸ் என்ற ஒரே ஒரு கார். 2013 மே மாதம் மூடினார்கள். சீனாவில் நியோ இதே முறையை நடத்துகிறது, அங்கே காரும் நிலையமும் ஒரே நிறுவனத்தினுடையவை.

எண்ணெய் நிறுவனங்கள் நல்ல பேட்டரிகளை வாங்கி அமுக்கிவிடுகின்றன என்கிறார்களே?

ஒரு துளி உண்மை உண்டு. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிக் காப்புரிமைகளை வைத்திருந்த கோபாசிஸ் நிறுவனத்தில் எண்ணெய் நிறுவனமான ஷெவ்ரானுக்குப் பங்கு இருந்தது. ஆனால் அந்த பேட்டரியை லித்தியம் அயன் தாண்டிச் சென்றுவிட்டது. விட்டிங்ஹாம் லித்தியம் பேட்டரியைச் செய்த இடம் எது தெரியுமா? எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகம். அதற்காகப் பின்னர் 2019இல் நோபல் பரிசும் பகிர்ந்துகொண்டார். இன்று சீனாவிலும் கொரியாவிலும் டஜன் கணக்கில் நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுத்தப் பார்க்கும்போது, நல்ல செல்லை அமுக்கி வைக்க யாராலும் முடியாது.

அப்போது எதுவுமே முன்னேறவில்லையா?

நிறைய முன்னேறியிருக்கிறது, செய்தி வராத பக்கமாக. 2010இல் கிலோவாட்-மணிக்கு 1,000 டாலரைத் தாண்டிய பேக் விலை, ப்ளூம்பெர்க்என்இஎஃப் என்ற ஆய்வு அமைப்பின் கணக்கின்படி 2024இல் சராசரியாக 115 டாலர்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் கதையைப் பாருங்கள். ஜான் குட்எனஃப் என்ற விஞ்ஞானியின் குழு அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது 1997இல். மின்சாரம் நன்றாகக் கடத்தாது, எடைக்கு ஏற்ற சக்தியும் குறைவு என்று காருக்கு இரண்டாம் தரமாகவே பார்க்கப்பட்டது. துகளைப் பொடியாக்கி கார்பன் பூசினார்கள். பிறகு செல்லை நீளமாக்கி நேரடியாக பேக்கில் அடுக்கினால் பெட்டிக்குள் வீணாகும் இடம் மிச்சமாகும் என்று கண்டார்கள். 2020இல் பிஒய்டியின் பிளேடு பேட்டரி அப்படி வந்தது. இன்று உலக மின்கார் பேட்டரிகளில் ஏறத்தாழ பாதி இந்த வகை. கோபால்ட், நிக்கல் இரண்டும் இல்லை, எளிதில் தீப்பிடிக்காது. கட்டுரைக்கும் பிளேடுக்கும் நடுவே 23 வருடம்.

அதே காலத்தில் எத்தனை பெரிய பெயர்கள் வந்துபோயின! 2009இல் ஐபிஎம் லித்தியம்-காற்று பேட்டரிக்கு ஒரு திட்டம் தொடங்கியது, கார் எதுவும் வரவில்லை. லித்தியம்-கந்தகத்தில் முன்னணியில் இருந்த பிரிட்டனின் ஆக்ஸிஸ் எனர்ஜி 2021இல் முடங்கியது.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

நான் முதலில் பார்ப்பது செல்லின் அளவு. ஆம்பியர்-மணி எண் (செல்லின் கொள்ளளவு) இல்லாவிட்டால் பொத்தான் செல் என்று எடுத்துக்கொள்வேன். பிறகு எத்தனை சுற்று, எந்த வெப்பநிலையில், எவ்வளவு வேகத்தில் என்பது. இந்த மூன்றும் ஒரே சோதனையில் வந்தவையா, இல்லை மூன்று வெவ்வேறு செல்களின் சிறந்த எண்களா என்பது ரொம்ப முக்கியம்.

அப்புறம், சோதித்தது யார்? கார் நிறுவனங்கள் செல்லை ஏ சாம்பிள், பி சாம்பிள், சி சாம்பிள் என்று படிப்படியாக வாங்கிச் சோதிக்கும். ஏ சாம்பிள் என்றால் யோசனை சரி என்று அர்த்தம். சி சாம்பிள் என்றால் உண்மையான உற்பத்தி வரிசையில் செய்தது. இடையில் பல வருடங்கள். "பிரபல கார் நிறுவனத்துடன் கூட்டு" என்ற வரி இதில் எந்தப் படியையும் சொல்வதில்லை.

புது நிறுவனத்தின் கார் பிடித்திருக்கிறது. முன்பணம் கட்டலாமா?

திரும்பக் கிடைக்கும் முன்பணம் என்றால், எழுத்தில் அப்படி இருந்தால், பெரிய ஆபத்து இல்லை. முழுப் பணம் கட்டுவதற்கு முன் கண்ணாடி உடைந்தால் எங்கே கிடைக்கும், மென்பொருள் யாருடைய சர்வரில் ஓடுகிறது என்ற இரண்டையும் கேளுங்கள். ஃபிஸ்கர் திவாலானபோது மிச்சமிருந்த மூவாயிரத்துச் சொச்சம் ஓஷன் கார்களை நியூயார்க்கின் ஒரு வாடகைக் கார் நிறுவனம் சுமார் 4.6 கோடி டாலருக்கு அள்ளிக்கொண்டது, அதாவது கார் ஒன்றுக்குப் பதினான்காயிரம் டாலர் பக்கம். புதிதாக முழு விலை கொடுத்து வாங்கியிருந்தவர்கள் உதிரிபாகத்துக்கும் மென்பொருள் அப்டேட்டுக்கும் தாங்களே சங்கம் அமைத்து அலைய வேண்டியதாயிற்று.